கேள்வி கேட்டபின் மூன்று விநாடி

பி.எட். மாணவர் பள்ளியில் பாடம் நடத்தும்போது வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் அப்சர்வேஷன் நோட்டில் ‘குரல் நன்று; மாணவர் பங்கேற்பு மேம்பட வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். நாளைக்கு எதை, எவ்வளவு மாற்றுவது? அந்த வரியில் அதற்குப் பதில் இல்லை. பயிற்சி ஆசிரியர் தன் வகுப்பைத் தானே கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவுகள் இன்றும் பயிற்சி ஆசிரியர்கள் படிக்க வேண்டியவை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையிடம் போனார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. கேட்காமலே பேச முன்வந்தவர்கள் கூடினார்கள். பதிலே வராத கேள்விகள் குறைந்தன. என்னை உலுக்கியது வேறொன்று. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது, பின்தங்கியவர்கள் என்று கருதியவர்களுக்குக் குறைந்த நேரம். யோசிக்க அவகாசம் தேவைப்பட்ட பிள்ளைக்கே அது இல்லை. எந்த ஆசிரியரும் இதைத் தெரிந்து செய்திருக்க மாட்டார். பதிவைப் போட்டுக் கேட்காதவரை தெரியவும் தெரியாது.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, செல்பேசியை மேசைமேல் வைத்து, பத்து நிமிடம் குரலை மட்டும் பதிவு செய்தால் போதும். அன்றிரவே கேட்டு, ஒவ்வொரு கேள்வியையும் யாரிடம் கேட்டோம், எத்தனை விநாடி பொறுத்தோம் என்று குறித்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரே ஓர் இலக்கு: ‘இந்த வாரம் “ஏன்” என்று கேட்டபின் மனசுக்குள் மூன்று எண்ணுவேன்.’ அடுத்த வாரம் மறுபடி பதிவு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களில் நுண்ணிலைக் கற்பித்தல் உருவானபோது அதன் உயிரே இதுதான்: சில மாணவர்கள், சில நிமிடங்கள், ஒரே திறன், பதிவைப் பார்த்துவிட்டு மறுபடி நடத்துவது. நம் பி.எட். வகுப்பிலும் அது உண்டு. சக மாணவர்களைப் பிள்ளைகளாக உட்காரவைத்து, “நல்லா பண்ணீங்க” என்பதோடு முடித்தால் அந்த உயிர் போய்விடுகிறது.

பதிவைக் கேட்டு எழுதும் குறிப்புகளுக்கு மதிப்பெண் போடவே கூடாது. போட்டால், கேட்டதை எழுதாமல் பேராசிரியருக்குப் பிடித்ததை எழுதுவார்கள். 2015இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது, இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி வந்தது. அந்த 16 வாரங்களில் மூன்று நான்கு இலக்குகளுக்குமேல் ஆசைப்பட வேண்டியதில்லை: காத்திருக்கும் நேரம், பிள்ளை சொன்ன பதிலை நாமே திருப்பிச் சொல்லும் பழக்கத்தைக் குறைப்பது, கடைசி வரிசைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பது.