'ணி' என்றாலும் தண்ணீர்தான்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் படிப்படியாகக் கற்பிக்கும் 'ஷேப்பிங்' முறை

மும்பை: ஆட்டிசம் உள்ள குழந்தை ஒரு சொல்லையோ செயலையோ முழுமையாகக் கற்றுக்கொள்ளும் வரை பாராட்டைத் தள்ளிவைக்காமல், அதை நோக்கிக் குழந்தை எடுத்து வைக்கும் ஒவ்வொரு சிறு அடியையும் ஊக்குவித்துக் கற்பிக்கும் முறை, நடத்தை சிகிச்சையில் 'ஷேப்பிங்' எனப்படுகிறது. படிப்படியாக உருவாக்குதல் என்று இதனைத் தமிழில் கூறலாம்.

சிகிச்சை மையங்களில் பயிற்சி பெற்றவர்கள் கையாளும் முறையாக இது அறியப்பட்டாலும், இதன் அடிப்படை விதிகள் எளியவை. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. தனியார் மையங்களின் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்த இயலாத குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தியாகும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, எந்த மொழியில் கற்பிப்பது என்ற கூடுதல் கேள்வியும் எழுகிறது.

ஆட்டிசம் என்பது நோயன்று. மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடு. தமிழில் இது மதியிறுக்கம் என்றும் அழைக்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது.

ஷேப்பிங் எப்படித் தோன்றியது?

இம்முறையை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். 1943-ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரின் மாவு ஆலைக் கட்டடம் ஒன்றில், அவரும் அவருடைய உதவியாளர்களும் புறா ஒன்றுக்கு மரப்பந்தை அலகால் தட்டக் கற்பிக்க முயன்றனர். புறா பந்தைத் தட்டிய பிறகு தானியம் கொடுக்கலாம் என்று காத்திருந்தனர். அது தட்டவே இல்லை.

பின்னர் வழியை மாற்றினர். புறா பந்தைப் பார்த்தாலே தானியம் கொடுத்தனர். அடுத்து, அலகைப் பந்தின் அருகே கொண்டு சென்றால் மட்டும் கொடுத்தனர். சில நிமிடங்களிலேயே புறா பந்தை அடித்து விளையாடத் தொடங்கியது. முழுச் செயலுக்காகக் காத்திருப்பதைவிட, அதற்கு நெருக்கமான செயலை ஊக்குவிப்பதே விரைவான வழி என்பது அன்று தெளிவானது.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இம்முறை பயன்படுத்தப்பட்ட புகழ்பெற்ற முதல் நிகழ்வு, 1964-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது. மாண்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகிய மூவர் அதனை எழுதினர். ஆய்வில் டிக்கி எனக் குறிப்பிடப்பட்ட மூன்றரை வயதுச் சிறுவனுக்குக் கண்புரை காரணமாகக் கண்வில்லைகள் அகற்றப்பட்டிருந்தன. மூக்குக் கண்ணாடி அணியாவிட்டால் பார்வையை நிரந்தரமாக இழக்கும் நிலை. ஆனால் அவன் கண்ணாடியை அணிய மறுத்தான்.

ஆய்வாளர்கள் கண்ணாடியை அவன் முகத்தில் வலிந்து மாட்டவில்லை. வில்லை இல்லாத வெறும் சட்டங்களை அறையில் வைத்தனர். அவற்றைத் தொட்டாலும், கையில் எடுத்தாலும் உணவு கொடுத்தனர். பிறகு கண்ணருகே கொண்டு செல்வதற்கும், இறுதியில் அணிவதற்கும் ஊக்கம் அளித்தனர். சிகிச்சை முடியும் தறுவாயில் அவன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் கண்ணாடி அணிந்திருந்தான்.

விதிகள் என்னென்ன?

ஷேப்பிங் முறையை ஐந்து விதிகளில் சுருக்கிச் சொல்லலாம்.

முதலாவது, இலக்கு தெளிவாக இருக்க வேண்டும். 'நன்றாகப் பேச வேண்டும்' என்பது இலக்கு ஆகாது. 'தாகம் எடுக்கும்போது தண்ணி என்று கேட்க வேண்டும்' என்பதே இலக்கு.

இரண்டாவது, குழந்தை இப்போது செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். இயலாததில் தொடங்கக் கூடாது.

மூன்றாவது, ஊக்கம் உடனடியாகக் கிடைக்க வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும், எதற்காகக் கிடைத்தது என்பது குழந்தைக்குப் புரியாமல் போகலாம்.

நான்காவது, ஒரு படி நன்கு பழகிய பிறகு, அடுத்த படிக்கு மட்டுமே ஊக்கம் அளிக்க வேண்டும்.

ஐந்தாவது, அடுத்த படியில் குழந்தை தொடர்ந்து தடுமாறினால், முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அது தோல்வி அன்று. படியின் உயரம் அதிகம் என்பதே அதன் பொருள்.

சட்டை அணிதல், கை கழுவுதல் போன்ற பல செயல்கள் அடங்கிய வேலைகளைக் கற்பிக்க, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கோக்கும் வேறொரு முறை உள்ளது. ஷேப்பிங் என்பது ஒரே செயலைச் சிறிது சிறிதாகச் செம்மைப்படுத்துவது. இவ்விரண்டும் வேறு வேறு என்பது குறிப்பிடத்தக்கது.

'தண்ணி' என்ற சொல் உருவாகும் விதம்

தாகம் எடுத்தால் தாயின் கையைப் பிடித்து இழுத்துக் குடத்தருகே கொண்டு நிறுத்தும் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் செயலிலேயே உள்ளது. சொல் மட்டும் இல்லை.

முதல் கட்டத்தில், டம்ளரைப் பார்த்துக் குழந்தை எழுப்பும் எந்த ஒலிக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப்படுகிறது. கொடுக்கும்போது தாய் 'தண்ணி' என்று தெளிவாகச் சொல்கிறார். அடுத்த கட்டத்தில் 'இ' போன்ற ஒலிக்கும், பிறகு 'ணி' என்பதற்கும், அதன் பின் 'தணி' என்பதற்கும் தண்ணீர் கிடைக்கிறது. இறுதியில் 'தண்ணி' வருகிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லச் சில குழந்தைகளுக்குச் சில நாட்களும், சிலருக்குப் பல மாதங்களும் ஆகலாம்.

இதில் மிட்டாய் தேவையில்லை. கேட்ட தண்ணீரே ஊக்கப் பொருளாக அமைகிறது. அதனால் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு குழந்தையின் மனத்தில் இயல்பாகப் பதிகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். சொல் வரவில்லை என்பதற்காகத் தாகத்தில் இருக்கும் குழந்தைக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது. ஒலி வராவிட்டாலும், கையை நீட்டியதற்கோ படத்தைச் சுட்டிக் காட்டியதற்கோ தண்ணீர் கொடுக்கப்பட வேண்டும். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பட அட்டை, சைகை, பேசும் செயலி ஆகியவையும் முறையான தொடர்பு வழிகளே. அவற்றையும் இதே முறையில் கற்பிக்கலாம்.

எந்த மொழியில் கற்பிப்பது?

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகங்களில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்பது மும்பைத் தமிழர்களின் அன்றாட நிலை. ஆட்டிசம் கண்டறியப்பட்டதும், 'ஒரு மொழி போதும். வீட்டிலும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் பேசுங்கள்' என்ற அறிவுரை பெற்றோருக்குக் கிடைப்பது உண்டு.

இரு மொழிச் சூழலில் வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சியைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, தாய்மொழியைக் கைவிட்டால், பாட்டியும் தாத்தாவும் குழந்தையுடன் பேசும் வாய்ப்பு குறைகிறது. சரளமாக வராத மொழியில் பேச முயலும் தாயின் பேச்சும் சுருங்கிவிடுகிறது.

தண்ணீரையே மீண்டும் உதாரணமாகக் கொள்ளலாம். தமிழில் தண்ணி, மராத்தியில் பாணி, இந்தியில் பானி. மூன்று சொற்களும் ஏறக்குறைய ஒரே ஒலியில் முடிகின்றன. பேசத் தொடங்கும் குழந்தையிடம் ணகர, னகர வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எனவே, குழந்தை 'ணி' என்று சொன்னால், வீட்டில் தாயும், பள்ளியில் மராத்தி பேசும் ஆசிரியையும் அதனை முதற்படியாக ஏற்கலாம். அதற்கு இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம். வீட்டில் ஏற்கப்படும் ஒலி பள்ளியில் ஏற்கப்படாவிட்டால் குழந்தை குழம்பும்.

ரயில் பயணமும் உணவும்

பேச்சுக்கு மட்டுமன்றி, அன்றாட வாழ்வின் பிற தடைகளுக்கும் ஷேப்பிங் பயன்படுகிறது. மும்பையில் புறநகர் ரயிலைத் தவிர்த்து வாழ்வது கடினம். இரைச்சலையும் கூட்டத்தையும் தாங்க இயலாத குழந்தைக்கு, ரயில் நிலையம் அச்சம் தரும் இடமாகிறது.

மாட்டுங்காவில் வசிக்கும் குடும்பம் ஒன்று, கூட்டம் குறைவான ஞாயிறு பிற்பகலில் நிலையத்தின் வாயில் வரை சென்று திரும்புவதிலிருந்து தொடங்கலாம். பிறகு நடை மேம்பாலத்தில் நின்று ரயிலைப் பார்ப்பது, நடைமேடையில் சில நிமிடங்கள் அமர்வது, அடுத்த நிலையமான சயான் வரை மட்டும் பயணிப்பது எனப் படிகளை அமைக்கலாம். காதுகளை மூடும் ஒலித்தடுப்புக் கருவியைக் குழந்தை அணிவதில் தவறில்லை. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதால், அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும்.

தயிர் சாதத்தைத் தவிர வேறு எதையும் உண்ணாத குழந்தைக்கும் இவ்வாறே. புதிய உணவு தட்டின் அருகில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது முதல் படி. தொடுவது, முகர்வது, நாவால் தீண்டுவது, ஒரு பருக்கை அளவு உண்பது ஆகியவை அடுத்தடுத்த படிகள். வாயில் திணிப்பது, பழகிய படிகளையும் குலைத்துவிடும். பல்வலி, வயிற்றுக் கோளாறு போன்ற காரணங்கள் இல்லை என்பதை மருத்துவரிடம் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விமர்சனங்கள் என்ன?

ஷேப்பிங், 'ஏபிஏ' எனப்படும் பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வின் ஒரு பகுதியாகும். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஐவர் லோவாஸ், 1960-களில் அடி, மின் அதிர்ச்சி போன்ற தண்டனைகளையும் பயன்படுத்தினார். வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சியால் 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான செயல்பாட்டை எட்டியதாக 1987-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வு, பெரும் நம்பிக்கையையும் கடும் விவாதத்தையும் ஒருசேர எழுப்பியது.

2018-ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 219 குழந்தைகள் இடம்பெற்ற 5 ஆய்வுகளைப் பரிசீலித்தது. இளம் வயதில் அளிக்கப்படும் தீவிர நடத்தைப் பயிற்சியால் சில முன்னேற்றங்கள் கிடைக்கலாம்; ஆனால் அதற்கான சான்றுகள் வலுவற்றவை என்பது அதன் முடிவு. எனவே 'முழுமையாகக் குணப்படுத்துகிறோம்' என்ற விளம்பரங்களை நம்ப இயலாது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுப்பும் கேள்வி இன்னும் அடிப்படையானது. கைகளை அசைப்பதை நிறுத்துவது, கண்ணோடு கண் பார்க்க வைப்பது போன்றவை யாருடைய வசதிக்காக என அவர்கள் கேட்கின்றனர். படிகளை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும், இலக்கு தவறாக இருந்தால் குழந்தைக்குப் பயனில்லை. தாகத்தைச் சொல்வது, வலியைச் சொல்வது, 'வேண்டாம்' என்று மறுப்பது ஆகியவை குழந்தைக்குத் தேவையானவை. பிறர் பார்வைக்கு இயல்பாகத் தோன்றுவது அத்தகைய தேவை அன்று.

யாரை அணுகலாம்?

இந்தியாவில் மறுவாழ்வுத் துறை வல்லுநர்களைப் பதிவு செய்யும் அமைப்பு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஆகும். சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரின் பதிவு எண்ணைப் பெற்றோர் கேட்டுச் சரிபார்க்கலாம். ஏபிஏ துறையில் அமெரிக்க வாரியம் வழங்கும் சான்றிதழுக்கு, 2023-ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க இயலாது.

மும்பையில் சேவ்ரியில் உள்ள ஜெய் வக்கீல் அறக்கட்டளைப் பள்ளி 1944 முதல் செயல்பட்டு வருகிறது. 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உம்மீத் குழந்தை வளர்ச்சி மையம், குழந்தைகளுக்கான சிகிச்சையுடன் பெற்றோருக்கும் களப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. தாராவியில் வசிப்போர், அருகிலுள்ள மாநகராட்சியின் சயான் மருத்துவமனைக் குழந்தைகள் நலப் பிரிவை முதலில் அணுகலாம்.

வல்லுநர் அல்லாதோரும் பயிற்சி பெற்றால் உதவ முடியும் என்பதற்குச் சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 2016-ஆம் ஆண்டு வெளியானது. அதில் பின்பற்றப்பட்டது ஷேப்பிங் முறை அன்று. பெற்றோர் குழந்தையுடன் பழகும் விதத்தை மேம்படுத்தும் பயிற்சி. அதனைச் சிறப்பு மருத்துவர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு அளித்தனர். குழந்தையின் செயலுக்கு ஏற்பப் பெற்றோர் ஈடுகொடுக்கும் திறன் அதனால் மேம்பட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலானோர், அருகிலுள்ள பள்ளியிலோ தாங்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறும் உரிமை உடையவர்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது; தெரபி செலவும் குறிப்பிட்ட வரம்புக்குள் அதில் அடங்கும்.

மையத்தில் கிடைக்கும் பயிற்சி வாரத்துக்குச் சில மணி நேரமே. எஞ்சிய நேரம் முழுவதும் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. எனவே, பயிற்சியாளரைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும், 'குழந்தை இப்போது எந்தப் படியில் இருக்கிறது? வீட்டில் எதை ஏற்க வேண்டும்? அடுத்த படி எது?' என்ற மூன்று கேள்விகளையும் பெற்றோர் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இவற்றுக்குத் தெளிவான பதில் தர இயலாத மையத்தில் கட்டணம் செலுத்துவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.