கடை வாசலில் மூன்று படிகள்

திண்டிவனம் நேரு வீதியில் நடந்து செல்வோர் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்ப்பார்கள். தொங்கவிட்ட துணிகளையும் அடுக்கிய பாத்திரங்களையும் பார்ப்பார்கள். வாசற்படிகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கால் தானாக ஏறிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ கடை அந்தப் படியோடு முடிந்துவிடுகிறது. உள்ளே இருப்பது எல்லாம் அவருக்கு வெறும் காட்சிதான்.

இந்தப் படிகள் எப்படி வந்தன? கடைக்காரர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கட்டியவை அல்ல. எங்களில் பலர் கடைக்காரர் வீட்டுப் பெண்கள்; ஆதலால் இதை உறுதியாகச் சொல்வோம். சாலைக்கும் கடைக்கும் நடுவே சாக்கடை ஓடுகிறது. அதன்மேல் கல் பாவியே வாசல் அமைக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் போடும்போது சாலை உயர்கிறது. அதற்கு ஈடாகக் கடையின் தரையும் உயர்கிறது. மழையை வேறு சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது நமக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அரிசி மூட்டை நனைந்த வீட்டில் போய், "படியை இடித்துவிடுங்கள்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகவே படி இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு சாய்தளம் வேண்டும். இங்கேதான் நம் பத்தாம் வகுப்புக் கணக்கு உதவிக்கு வருகிறது. சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட விதிமுறைகளில் உள்ள அளவு. முக்கோணவியலில் சொன்னால், டேன் மதிப்பு 1/12. கோணம் ஏறத்தாழ 4.8 பாகை. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏறுபவரின் கை சோர்ந்துவிடும். இறங்கும்போது வண்டி பிடிக்கு அடங்காமல் ஓடும். அரை அடி உயரமுள்ள ஒரே படி என்றால் ஆறு அடி நீளம் போதும். மூன்று படிகள் என்றால் ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி நீளம்! பத்தடி முகப்புள்ள கடைக்குப் பதினெட்டு அடிச் சாய்தளத்தை நேராக இறக்கினால் அது சாலை நடுவில் போய் நிற்கும். லாரிக்காரரும் விடமாட்டார், நகராட்சியும் விடாது.

பல இடங்களில் நடப்பது என்னவென்றால், பெயருக்கு மூன்றடி நீளத்தில் சிமென்ட் பூசி, "சாய்தளம் வைத்துவிட்டோம்" என்று மகிழ்ந்துவிடுவதுதான். அது உண்மையில் மோட்டார் சைக்கிளை மேலே ஏற்றுவதற்குத்தான் பயன்படுகிறது. இரவில் வண்டி ஏறுகிறது, பகலில் மனிதர் ஏற முடிவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. சாய்தளத்தைச் சாலையை நோக்கி இறக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கலாம். அடுத்தடுத்து மூன்று நான்கு கடைகள் ஒரே மட்டத்தில் இருந்தால், அவற்றின் முன்னால் ஒரே தாழ்வாரமாக்கி, ஒரு கோடியில் மட்டும் ஒரு சாய்தளம் வைத்தால் செலவு பங்காகிவிடும். அண்டைக் கடைக்காரரோடு பேச்சு வார்த்தை இருக்க வேண்டும், அவ்வளவே! (இதுதான் சிமென்ட்டைவிடக் கடினம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.) ஒரே படியுள்ள கடைக்கு ஆறடி மரப்பலகை போதும். மேலே சொரசொரப்பான ரப்பர் ஒட்டி, நழுவாதபடி மேல்முனையைக் கொக்கியில் மாட்டி, தேவைப்படும்போது விரித்து, பிறகு எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாடகைக் கடைக்கும் இது பொருந்தும். கட்டடத்துக்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

காசே செலவாகாத காரியங்களும் உண்டு. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய மூன்றடி அகலம் வேண்டும். நம் கடைகளின் ஷட்டர் எட்டடி அகலம் இருக்கும். ஆனால் வெங்காய மூட்டையும் பிளாஸ்டிக் குடங்களும் துடைப்பக் கட்டுகளும் இருபுறமும் அணிவகுத்து, வழி ஒன்றரை அடியாகக் குறைந்திருக்கும். மூட்டையை நகர்த்த எந்தக் கொத்தனாரும் வேண்டாம். காலையில் வாசல் தெளித்த ஈரம் வழவழப்பான டைல்ஸ் மீது நின்றால் ஊன்றுகோல் வழுக்கும். ஒரு சாக்கை விரிப்பதைவிடத் துடைத்து உலர்த்துவது நல்லது, சாக்கு மடிந்து கோலில் சிக்கும்.

"வெளியிலேயே இருங்கள், என்ன வேண்டுமோ சொல்லுங்கள், நாங்களே கொண்டுவந்து தருகிறோம்" என்று அன்பாகச் சொல்லும் கடைக்காரர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்த அன்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெண்பிள்ளைகளாகிய நாங்கள் ஒன்று கேட்கிறோம். மாதந்தோறும் எங்களுக்கு வேண்டிய பொருளை நடுத்தெருவில் நின்று உரக்கக் கேட்க முடியுமா? நாங்கள் உள்ளே போய், பெண் ஊழியர் யாரென்று பார்த்து, மெதுவாகக் கேட்டு, காகிதத்தில் சுற்றி வாங்கி வருகிறோம். படியேற முடியாத பெண்ணுக்கும் அதே வயதுதானே, அதே கூச்சம்தானே? துணிக்கடையிலும் அப்படித்தான். பிறர் எடுத்துவந்த இரண்டில் ஒன்றைச் சொல்வது வேறு, அடுக்கைக் கலைத்துத் தானே தேர்ந்தெடுப்பது வேறு.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைக் கணக்கில் எடுத்தது; 2016ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றாக விரித்தது. பொதுமக்கள் வந்துபோகும் வணிகக் கட்டடங்கள், தனியாருடையவையானாலும், அதில் அடங்கும். மீறினால் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பார்வையற்ற ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கில், இவ்வளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களும் மளிகை வாங்கத்தானே வேண்டும்?

அமைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்குச் சென்னை மெரினா சாட்சி. அங்கே சக்கர நாற்காலியில் அலையருகே செல்ல 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு செப்பனிட்டார்கள். நம் கடைப் பலகைக்கும் ஆண்டுக்கொரு முறை ஆணி பார்க்க வேண்டும்.

படியைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறோம்; பார்வையற்றவருக்குப் படி ஒரு தடையே அல்ல. அவருக்குச் சில்லறைதான் தொல்லை. புதிய 100 ரூபாய்த் தாளின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய்த் தாள் 146, 500 ரூபாய்த் தாள் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை அவசரத்தில் விரல் எப்படி அறியும்? அதற்காகவே 100இல் மேலெழுந்த முக்கோணமும் ஓரத்தில் நான்கு கோடுகளும், 500இல் வட்டமும் ஐந்து கோடுகளும் அச்சிட்டிருக்கிறார்கள். தாள் கசங்கிப் பழையதானால் அவை தேய்ந்துவிடும். 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம் வைத்ததும் தடவி அறிவதற்கே. கைப்பேசியில் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. கடைக்காரர் செய்ய வேண்டியது இவற்றைவிட எளிது. மீதி கொடுக்கும்போது ஒவ்வொரு தாளாகக் கையில் வைத்து, "இது நூறு, இது ஐம்பது" என்று வாய்விட்டு எண்ண வேண்டும். தராசின் எடையையும் அப்படியே சொல்ல வேண்டும்.

காது கேளாதவரிடம் உரக்கக் கத்துவதால் பயன் இல்லை. முகத்தைத் திருப்பாமல் பேசினால் அவர் உதட்டைப் படிக்கக்கூடும். கால்குலேட்டரைத் தம் பக்கம் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தொகையை வாயால் சொல்லுகிற பழக்கம் நம் கடைகளில் உண்டு. அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், ஒரு நொடி வேலை.

இன்னும் ஒன்று. வருபவர் மட்டுமா, கல்லாவில் உட்காருபவரும் மாற்றுத்திறனாளியாக இருக்கலாம் அன்றோ? வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேசக் கண்ணாடிக் கூண்டுக் கடைகள் இருந்த காலத்தில் அவற்றில் பல மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்டன என்று பெற்றோர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பணம் வந்து சேர்ந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி தள்ளுவண்டிகளில்கூட வந்துவிட்டது. அதைப் பார்வையற்றோருக்கென்று யாரும் செய்யவில்லை; ஆயினும் பார்வையற்ற கடைக்காரர் இன்று யாரையும் கேட்காமல் வரவை அறிகிறார். அவருக்கு மேசைக்குப் பின்னால் அலமாரி இடம் மாறாமல் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசை இரண்டரை அடி உயரத்தில், கீழே முழங்கால் நுழையும்படி இருக்க வேண்டும். தச்சரிடம் புதிய மேசை சொல்லும்போதே இந்த அளவைக் கொடுத்துவிட்டால் கூலியில் வேறுபாடு வராது.