தசைபோல் இருப்பதெல்லாம் தசையா?

காரை எலும்புக்குச் சற்று மேலே, கழுத்தின் அடிப்பகுதியில் அபூர்வமாக ஒரு கட்டி வரும். பெரும்பாலும் வயதுவந்த ஆண்களுக்கு. வலிக்காது, மெல்ல வளரும், புற்றுநோய் அல்ல. வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் வேடிக்கை தொடங்கும். இரு முனையும் கூர்த்த நீள்செல்கள் கற்றை கற்றையாக ஓட, இடையில் தோல்செல்களைப் போன்றவை திட்டுத்திட்டாக இருக்கும், ஊடே கொழுப்பு. சில கட்டிகளில் இளஞ்சிவப்பாகத் தடித்து, எலும்புத் தசையின் சாயலில் சில செல்களும் தென்படும். 1984-ல் ஹுவான் ரோசாயும் சக நோயியலாளர்களும் இதற்கு 'எக்டோபிக் ஹமார்ட்டோமேட்டஸ் தைமோமா' என்று பெயரிட்டார்கள். அதாவது, இடம் மாறிக் கிடக்கும் தைமஸ் திசுவின் கோளாறான வளர்ச்சி.

இந்தத் தசைச்சாயல் செல்களைத் தைமஸ் வம்சத்துக்குச் சாட்சியாகக் காட்டலாம். அது அசட்டுத்தனமான வாதமும் அல்ல. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் 'மயாய்டு' செல்கள் என்றே ஒரு வகை உண்டு. அவற்றில் தசைப் புரதங்கள் இருக்கின்றன. நரம்பின் கட்டளையை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளும் இருக்கின்றன. தசை தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயின் தொடக்கத்தில் இவற்றுக்குப் பங்கிருக்கலாம் என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. கருவில் தைமஸ் கழுத்தில் உருவாகி மார்புக்கு இறங்குவதால், வழியில் அதன் துணுக்குகள் தங்கிவிடுவதும் நடப்பதுதான். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் வழக்கு நிற்பதில்லை. தைமஸைத் தைமஸ் என்று காட்டும் இளம் லிம்போசைட்டுகள் இந்தக் கட்டியில் இல்லை. நீள்செல்களுக்குச் சாயப் பரிசோதனை செய்தால், தோல்வகைச் செல்களுக்குரிய கெரட்டினும் மழமழப்புத் தசைக்குரிய ஆக்டினும் ஒரே செல்லில் பழுப்பாகத் துலங்கும். இந்த இரட்டை வேடம் உமிழ்நீர்ச் சுரப்பியின் மயோஎபிதீலியல் செல்களை நினைவூட்டுகிறது; அவை சுருங்கித்தான் எச்சிலைக் குழாய்க்குள் தள்ளுகின்றன. 2004-ல் 21 கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்க நோயியலாளர்கள் தைமஸ் தொடர்பை மறுத்து, கருவின் செவுள் வளைவுப் பகுதியிலிருந்து வந்த கலப்புக் கட்டி இது என்றார்கள். அந்தத் தடத்தில்தான் இப்போது 'பிராங்கியோமா' என்ற பெயர் வழங்குகிறது.

அப்படியானால் எலும்புத் தசைச் சாயல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். தாடை, முகம், தொண்டைத் தசைகள் அந்தச் செவுள் வளைவுகளிலேயே உருவாகின்றன. ஆகவே அங்கே தசைக்குணம் தோன்றத் தைமஸ் தேவையில்லை. கழுத்துத் தசையின் இழைகள் கட்டிக்குள் சிக்கிக்கொண்டு ஏய்க்கவும் கூடும். எல்லா வழியிலும் வரக்கூடிய ஒன்றை வைத்து எந்த வழி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்தப் பெயராக இருந்தாலும் வெட்டியெடுப்பதுதானே சிகிச்சை, இதில் என்ன வம்பு என்பவர்களுக்கும் பதில் உண்டு. உண்மையான தைமோமா பரவக்கூடியது. அந்தச் சொல்லை அறிக்கையில் படிக்கும் நோயாளி வீணாகக் கலங்குவார். அதைவிடப் பெரிய ஆபத்து சிறிய பயாப்ஸியில் இருக்கிறது. கெரட்டின் காட்டும் நீள்செல்களை மட்டும் பார்த்தால் சைனோவியல் சர்கோமா என்ற கொடிய புற்றுநோயாகத் தோன்றலாம்; பிறகு பெரிய அறுவை, கதிர்வீச்சு என்று பேச்சு நீளும். அந்தப் புற்றில் எஸ்எஸ்18 மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருக்கும் என்பதால், மரபணுச் சோதனை சந்தேகத்தைத் தீர்க்கும். மறுபக்கம், மிகச் சில பிராங்கியோமாக்களுக்குள் புற்று முளைத்ததும் பதிவாகியிருக்கிறது. அதனால் தீங்கற்றது என்று எழுதுமுன் முழுக் கட்டியையும் எடுத்து, பல இடங்களில் சீவிப் பார்ப்பது அவசியம்.