அறுபதுக்குமேல் நாய் வளர்க்கலாமா?

கிரிஸ்டல் ரோஜர்ஸ் 1991இல் பெங்களூரில் 'கம்பேஷன் அன்லிமிடெட் பிளஸ் ஆக்‌ஷன்' என்ற விலங்குநல அமைப்பைத் தொடங்கியபோது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியத் தெருக்களில் அடிபட்டுக் கிடந்த பிராணிகளுக்காகவே பிற்காலத்தைச் செலவிட்ட அந்த அம்மையார் 1996இல் காலமானார். சி.யு.பி.ஏ. என்ற சுருக்கப் பெயரில் அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. நாய்க்குச் சோறு வைக்க வயது தடையில்லை என்பதற்கு அவரே சாட்சி. தமக்குப் பிறகு அந்தச் சோற்றை யார் வைப்பது என்பதற்கும் அவர் வழி செய்துவிட்டுத்தான் போனார். முதுமையில் நாய் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

பெங்களூரில் தமிழர்கள் பல தலைமுறையாக நெருங்கி வாழும் ஸ்ரீராம்புரத்தை எடுத்துக்கொள்வோம். இருபதுக்கு முப்பது அடி மனையில் மூன்று மாடி, மாடிக்கொரு குடித்தனம், செங்குத்தான குறுகிய படிக்கட்டு, வாசலில் இருசக்கர வண்டிகள். பிள்ளைகள் வேலை நிமித்தம் ஒயிட்ஃபீல்டு பக்கமோ வெளிநாட்டுக்கோ போய்விட, மாடியில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். "ஒரு நாய் இருந்தால் துணையாக இருக்கும்" என்ற பேச்சு அந்த வீடுகளில்தான் எழுகிறது. நியாயமான ஆசைதான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாட்டு நாய் பன்னிரண்டு முதல் பதினைந்து வருடம் வாழும். அறுபத்தெட்டு வயதில் குட்டி வாங்கினால், அது கிழடாகி, கண் மங்கி, தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டிய நிலைக்கு வரும்போது வளர்த்தவருக்கு எண்பது நடக்கும்.

லாபமும் ஆபத்தும்

நாய் உடம்புக்கு நல்லது என்பது வெறும் பேச்சில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 முதல் 80 வயதுவரையிலான 34 லட்சம் பேரின் பதிவுகளை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தனியாக வாழ்பவர்களில் நாய் வளர்ப்போருக்கு, வளர்க்காதவர்களைவிட இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. நாய்தான் ஆயுளைக் கூட்டியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நடமாட்டம் உள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருவதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் காலையும் மாலையும் ஒருவரை வெளியே இழுத்துக்கொண்டு போக நாயைப்போல வேறொன்று கிடையாது.

அந்த இழுவையில்தான் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள், கயிறு கட்டிய நாயோடு நடக்கும்போது எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்த எண்ணிக்கை 2004இல் 1,671, 2017இல் 4,396. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் பெண்கள். அதிகம் முறிந்த எலும்புகளில் இடுப்பெலும்பும் ஒன்று. நடைபாதை சரியாக இருக்கும் ஊரிலேயே இந்த நிலை. தெருமுனையில் நாலு நாய் குரைக்க, கையில் இருக்கும் நாய் பாய, பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கும் தெருவில் என்ன ஆகும் என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், தலைசுற்றல் வருபவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்பது நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும்.

யார் தடுக்கலாம், யார் தடுக்க முடியாது?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் "நாய் கூடாது" என்று தீர்மானம் போட முடியாது. இந்திய விலங்குநல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்யக் கூடாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லக் கூடாது. இப்படித் தடைபோடும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெங்களூரில் 2018இல் ஃபிளாட்டுக்கு ஒரு நாய் மட்டும் என்று விதி கொண்டுவந்தபோது எதிர்ப்புக் கிளம்பி அது கைவிடப்பட்டது. பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மத்திய அரசு 2024 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையை, சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்டது என்று கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் ரத்து செய்தது.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஸ்ரீராம்புரத்தின் மாடிக் குடித்தனக்காரருக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சங்கம் இல்லை; ஓனர்தான் உண்டு. பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்திலோ லீஸ் பத்திரத்திலோ "வளர்ப்புப் பிராணி கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது கட்டுப்படுத்தும். வாய்வார்த்தையாகச் சரி என்ற ஓனர், வீடு மகன் கைக்குப் போனதும் மாறிவிடலாம். அட்வான்ஸ் பெருந்தொகையாக அவரிடம் மாட்டியிருக்கும் ஊர் இது. ஆகவே நாய் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அப்படியே தகராறு வந்தாலும், நீதிமன்ற உத்தரவில்லாமல் சாமானை வெளியே எறியவோ கதவுக்குப் பூட்டுப் போடவோ ஓனருக்கு அதிகாரமில்லை. மிரட்டல் வந்தால், நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட்டும் பெங்களூர் காவல்துறையும் 2002இல் தொடங்கிய முதியோர் உதவி எண் 1090ஐ அழைக்கலாம். தேசிய அளவிலான எண் 14567.

உரிமை இருந்தால் கடமையும் இருக்கும். மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். நாயைக் கவனிக்காமல் விட்டு அது அடுத்தவருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம்வரை சிறை, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

குட்டி வேண்டாம், வளர்ந்த நாய் போதும்

பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும் குட்டியைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது முதல் சில மாதங்கள் இரவில் அழும், வீடெங்கும் மூத்திரம் போகும், செருப்பைக் கடிக்கும். ஊசிக்கு ஊசி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். நான்கைந்து வயதான நாய் அப்படியில்லை. அதன் குணம் தெரிந்துவிட்டது, அளவு தெரிந்துவிட்டது, ஆயுள் கணக்கும் வளர்ப்பவரின் வயதோடு ஒத்துப்போகும்.

இனத்திலும் ஆசை மட்டும் போதாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் எல்லாம் வேட்டைக்கு ஓடிய வம்சம். 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்கும் முதோலுக்கும் தபால்தலை வெளியிட்டது, பெருமைதான். ஆனால் ஓட வெளி இல்லாத ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அவற்றைப் பூட்டி வைப்பது நாய்க்கும் தண்டனை, பிடித்து நடப்பவருக்கும் தண்டனை. முப்பது கிலோ லாப்ரடாரை மூன்றாம் மாடியிலிருந்து நாளைக்கு இரண்டு தடவை இறக்கி ஏற்றுவதும் எளிதில்லை. நடுத்தர உடல்வாகுள்ள, கருத்தடை செய்த நாட்டு நாய் இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது, செலவும் குறைவு.

எங்கே கிடைக்கும்?

ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் இயங்கும் கருணா அமைப்பு, சி.யு.பி.ஏ., சார்லீஸ் அனிமல் ரெஸ்கியூ சென்டர் போன்றவை நாய்களைத் தத்துக் கொடுக்கின்றன. வயதைக் கேட்பார்கள், வீட்டைப் பார்க்க வேண்டும் என்பார்கள், குடும்பத்தில் இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சொல்லலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றும் கேட்காமல் கொடுக்கிற இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓரிரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமா என்று கேட்பதிலும் தவறில்லை.

தெருவிலேயே பழகிய நாயை வீட்டுக்குள் கொண்டுவரவும் வழியுண்டு. பெங்களூர் மாநகராட்சியின் 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.79 லட்சம் தெருநாய்கள் இருந்தன. அவற்றில் பத்தில் ஏழுக்குக் கருத்தடை ஆகியிருந்தது. காதோரம் வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்த நாய் என்று அர்த்தம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. எடுத்த பிறகு அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதே உத்தரவு, தெருநாய்களுக்கு ஒதுக்கிய இடங்களில் மட்டுமே சோறு வைக்க வேண்டும் என்றும் சொன்னது. தினமும் கிண்ணத்தோடு இறங்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்பவர்கள் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைத் தெரிந்துகொண்டு போகட்டும். விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தாய் நாயைக் காட்ட மறுக்கிறவரிடமும் ரசீது தராதவரிடமும் பேச்சை வளர்க்க வேண்டாம்.

நோயுற்ற குட்டியைத் தலையில் கட்டிவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்ச ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீதும் கால்நடை மருத்துவரின் சீட்டும்தான் அங்கே பேசும். இணையத்தில் அழகான படத்தைப் போட்டு, முன்பணம், வண்டி வாடகை, இன்ஷூரன்ஸ் என்று தவணை தவணையாகக் கறந்துவிட்டு மறையும் கும்பல்களும் உண்டு. பணம் போனது தெரிந்த உடனே 1930ஐ அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கடித்துவிட்டால்

வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. 2024இல் மட்டும் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அதற்கு முன் தடுத்துவிட முடியும். காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்கு மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் அரசு மருத்துவமனை பக்கம். தோலுக்குள் போடும் முறையில் தொடங்கிய நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள் என்று ஊசி. ரத்தம் வருமளவு காயம் ஆழமானால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவது பெரும் தவறு.

ஊருக்குப் போனால்? ஆஸ்பத்திரியில் படுத்தால்?

வேலூர், ஆம்பூர், தர்மபுரி, சேலம் என்று ஊரில் கல்யாணமோ திருவிழாவோ சாவோ வந்தால் போகாமல் இருக்க முடியாது. நம்ம மெட்ரோவில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஸ்ரீராம்புரம் நிலையம் வாசலிலேயே இருந்தாலும் பயனில்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. கூபேயை முழுதாக எடுத்தால் கூடவே கொண்டுபோகலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். எனவே நாயோடு ஏற்கெனவே பழகிய, சாவி கைவசமுள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1985இல் தொடங்கிய சின்னமன் டிரஸ்ட், முதியோரின் நாய்களை நடத்திச் செல்லத் தொண்டர்களை அனுப்புகிறது. முதியவர் மருத்துவமனையில் இருந்தால் நாயைப் பார்த்துக்கொள்கிறது. நம் தெருக்களில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் கீழ்வீட்டுக்காரரோ எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனோதான். கேட்டு, ஒப்புக்கொள்ள வைத்து, மாதம் ஒரு தொகை கொடுத்தாலும் தகும்.

தங்களுக்குப் பிறகு என்ன என்பதையும் எழுதி வைக்கலாம். 2024 அக்டோபரில் மறைந்த ரத்தன் டாடா தம் நாய் டிட்டோவின் பராமரிப்புக்கு உயிலில் ஏற்பாடு செய்து, பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தம் சமையல்காரரிடம் விட்டதாகச் செய்தி வெளியானது. அதற்குக் கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. நாயின் பெயருக்குச் சொத்து எழுத முடியாது. நாயைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயருக்கு ஒரு தொகையை எழுதலாம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. இப்படி ஏற்பாடு இல்லாமல் நாயைத் தெருவில் விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். அந்தச் சட்டம் தெருவில் நிற்கும் கிழட்டு நாயைக் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது முன்கூட்டியே செய்த ஏற்பாடு மட்டுமே.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாள் பரிசாகக் குட்டியைக் கூடையில் வைத்து அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். எந்த நாய் வேண்டும் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். தத்துப் படிவத்தில் இரண்டாவது பொறுப்பாளர் இடத்தில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்குத் தயாரில்லை என்றால், நாய் வேண்டாம் என்று அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.