பெயர் எங்கெங்கும் வரும்: மென்பொருள் தேவைப் பகுப்பாய்வில் ஊடுபரவும் தேவைகள்

மலேசியத் தமிழர் பலரின் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்னும் குறி இருக்கும். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கங்கள் அவை. முன்னது மகனையும் பின்னது மகளையும் குறிக்கும். நம் கண்ணுக்குப் பழகிப்போன அச்சாய்கோடு, இணைய முகவரியிலும் கோப்புப் பாதையிலும் பிரிப்புக்குறியாகிவிடுகிறது. அதை எதிர்பாராத மென்பொருள் பெயரை அவ்விடத்தே முறித்துவிடும்.

சுங்கை பினாங்கில் ஒரு தமிழ் வாசகசாலைக்கு மென்பொருள் எழுத முனைவதாகக் கொள்வோம். பொறுப்பாளர் கூறும் தேவைகள் எளியவை: உறுப்பினரைப் பதிய வேண்டும், அட்டை அச்சிட வேண்டும், பெயரைக் கொண்டு தேட வேண்டும், நூல் திரும்பாவிடில் நினைவூட்ட வேண்டும், ஆண்டிறுதியில் அகரவரிசைப் பட்டியல் வேண்டும். இவ்வைந்தையும் ஐந்து மாணவர்க்குப் பகிர்ந்து கொடுக்கிறோம். பெயரைப் பற்றித் தனியே ஒரு வரியும் எழுதப்படவில்லை. ஆயினும் ஐந்திலும் பெயர் இருக்கிறது. ஐவரும் அதனை ஐந்து விதமாகக் கையாள்வர்.

எந்த ஒரு பகுதியிலும் அடங்காது, பலவற்றினூடே பரவி நிற்கும் இத்தகையதை 'ஊடுபரவும் தேவை' என்கிறோம். பாதுகாப்பு, நிகழ்வுப் பதிவு ஆகியனவும் இவ்வினத்தவையே. 1997இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் கிரெகர் கிக்சாலஸ் குழுவினர் இச்சிக்கலை நிரல் எழுதும் நிலையில் தீர்க்க வழி கூறினர். நிரல் நிலைக்கு வந்தபின் தேடுவது காலந்தாழ்ந்த வேலை என உணர்ந்த ஆய்வாளர் பின்னர்த் தேவை ஆவணத்துக்கே திரும்பினர். எலிசா பானியசாத், சியோபன் கிளார்க் இருவரும் 2004இல் முன்வைத்த 'தீம்' முறை, தேவை வாக்கியங்களில் வினைகளைக் குறித்து, ஒரே வாக்கியத்தில் எவ்வெவ்வினைகள் சேர்ந்து வருகின்றன என ஆராய்வது. இலக்கண ஆசிரியர்க்கு இது புதிதன்று. நாம் வினைகளோடு பெயர்ச்சொற்களையும் அடிக்கோடிடலாம். ஒரு சொல் மூன்று நான்கு வாக்கியங்களில் தலைகாட்டினால், அங்கே நின்று கேள்வி கேட்க வேண்டும்.

வாசகசாலைப் பட்டியலுக்கு வருவோம். கண்ணன், கண்ணம்மா இருவரில் முதலில் வருபவர் யார்? நம் அகரவரிசையில் மகரம் னகரத்துக்கு முந்தியது, எனவே கண்ணம்மா. யூனிகோடு குறியெண்களிலோ னகரம் நகரத்தை அடுத்தே நிற்கிறது. குறியெண்படி அடுக்கும் நிரல் கண்ணனை முன்னிறுத்தும். தமிழ் வரிசை வேண்டுமென்று முதலிலேயே சொல்லாவிடில் இப்பிழையே அச்சாகும். தேடுபவரும் அட்டவணையில் தவறான இடத்தில் தேடுவார்.

நீளமும் இவ்வாறே. 'மீனாட்சி' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் இருபத்து நான்கு பைட்டுகள். பெயருக்கு 'இருபது' என்று மட்டும் எழுதிவைத்த பொறுப்பாளர் எந்த இருபதைக் கருதினார்? பதிவில் முழுமையாக ஏறிய பெயர் அட்டையில் வால் அறுந்து வருவது இங்கிருந்துதான்.

ஆகவே முதற்கூட்டத்திலேயே நாம் கேட்பவை சில. குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமா? தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டால், நினைவூட்டல் மடல் மகளைத் தந்தையின் பெயரால் விளிக்குமே! சாய்கோட்டை அப்படியே காப்பதா? எந்த எழுத்தில், எந்த வரிசையில்? விடைகளைப் 'பெயர்' என்னும் தனித் தலைப்பில் ஒருமுறை எழுதி, ஐந்து தேவைகளின் கீழும் அத்தலைப்பைச் சுட்டுகிறோம். பின்னர் ஒரு விதி மாறினால் திருத்த வேண்டிய பக்கம் ஒன்றே.