ஆணியின்றி ஓடிய மரக்கலம்

"ஆணி அடிக்காமல் கட்டிய கப்பல் கடலைத் தாண்டுமா, ஐயா?" டிக்கோயாவில் எம்மிடம் பயிலும் மாணவனொருவன் அண்மையில் இவ்வாறு வினவினான். "தாண்டியது, நம் நாட்டுக் காலித் துறைமுகத்திலும் தங்கிச் சென்றது" என்றோம். அவன் நம்பவில்லை. வாசகர்களும் ஐயுறக்கூடுமாதலின் சற்று விரித்துரைப்போம்.

1998ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, மூழ்கிக் கிடந்த பழைய மரக்கலம் ஒன்று கண்டறியப்பட்டது. அதனுள் ஏறத்தாழ 60,000 சீன மட்பாண்டங்கள் இருந்தன. கிண்ணமொன்றில் பொறித்திருந்த நாள் கி.பி. 826ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சரக்கு சீனத்தது, கலமோ சீன முறையில் கட்டப்பட்டதன்று. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்திருந்தார்கள். இஃது அரபு நாட்டவரும் மலையாளக் கரையினரும் நன்கறிந்த கலை. அலை மோதும்போது தைத்த கலம் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்.

இக்கலத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஓமான் நாட்டவர் 2008இல் புதிய கப்பலொன்றைக் கட்டத் தொடங்கினர். 'மஸ்கற்றின் மாணிக்கம்' என்பது அதன் பெயரின் பொருள். நீளம் 18 மீற்றர். கையால் இட்ட துளைகள் மாத்திரம் 37,000! தைக்கும் பணிக்குக் கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். பொறியியல் நூல்களில் இல்லாத அறிவு அவர்தம் விரல்களில் இருந்தது.

ஆயினும் ஓர் இடர். கடலடியில் எஞ்சியிருந்தது கலத்தின் அடிப்பாகமே. பாய்மரமும் பாயும் எவ்வாறிருந்தன என்பதற்குத் தடயமில்லை. பழைய ஓவியங்களையும் பிறநாட்டு மரபுகளையும் துணைக்கொண்டு ஊகித்தே அமைத்தார்கள். 2010 பெப்ரவரி 16ஆம் நாள் மஸ்கற்றை விட்டுப் புறப்பட்ட கப்பல், கொச்சி வழியாகக் காலியை அடைந்தபோது பாய்மரங்களில் விரிசல் தென்பட்டது. இரண்டையும் கழற்றி, இலங்கை மரங்களைச் செதுக்கி நாட்டினர். ஆயிரமாண்டுக்கு முன்னரும் மாலுமிகள் இத்தீவில் இவ்வாறு மரம் தேடியிருப்பார்களோ என எண்ணுகிறோம். யூலை 3ஆம் நாள் கப்பல் சிங்கப்பூரை அடைந்தது. ஓமானின் நன்கொடையாக அந்நாட்டிற்கே உரியதாயிற்று.

இவற்றைக் கூறி முடித்தபின் வகுப்பை நோக்கி ஒன்று கேட்டோம். 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் தமிழகக் கரையிலிருந்து பாய்த்தோணிகளில் வந்தனரே, அவர்கள் எத்துறையில் ஏறினர்? அத்தோணி எவ்வளவு நீளம்? எத்தனை பேரை ஏற்றிற்று? வகுப்பு மௌனமாயிற்று. மாணவியொருத்தி மாத்திரம் எழுந்து, தன் அப்பாயி 'தொண்டி' என்று ஏதோ ஓர் ஊரின் பெயரை அடிக்கடி சொல்வார் என்றாள்.

அப்பெயரைக் கரும்பலகையில் எழுதுமாறு அவளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தோம்.