பெயரிலிச் சார்பும் தமிழ்த் தொடரமைப்பும்

உள்ளீட்டைப் பெற்று விளைவைத் தரும் ஆணைத்தொகுதி கணினியியலிற் சார்பு எனப்படும். ஒரேயோரிடத்திற் பயன்படும் சிறு சார்புக்குப் பெயரிடுதல் வீண் சுமையாகும். பெயரிலிச் சார்பின் தேவை இதுவே. 1930களில் அலன்சோ சேர்ச் வகுத்த இலமிடா நுண்கணிதம் இதற்கு மூலமாகும். பைதன் மொழி 'லாம்டா' என்னும் சொல்லையே கொண்டது. ஜாவாஸ்கிரிப்ற் 2015இல் அம்புக்குறியை ஏற்றது.

தமிழுக்கு எது பொருந்தும்? முத்தையா அண்ணாமலை 2009இல் ஆய்வுரைவழி அறிமுகஞ் செய்த 'எழில்' மொழியில், சார்பு 'நிரல்பாகம்' எனத் தொடங்கி, 'பின்கொடு' என விளைவு தந்து, 'முடி' என நிறைவுறும். ஓர் எண்ணை இரட்டிப்பதற்கு இத்துணை விரிவு வேண்டியதில்லை. 'லாம்டா' என்னும் கிரேக்க எழுத்தின் பெயரோ ஆங்கிலமறியா மாணவனுக்கு எதனையும் உணர்த்தாது. '(எண்) => எண் * 2' என்னும் வடிவத்தில் உள்ளீடு முன்னும் செயல் பின்னும் வருகின்றன. செயப்படுபொருளை முன்வைத்து வினையால் முடியும் தமிழ்த் தொடருக்கு இது இயைபுடையது. எழிலில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்பதும் இவ்வியைபு கருதியே எனலாம். இயற்பெயர் கூறாது செயலாற் சுட்டும் 'பாடியவன்' போன்ற வினையாலணையும் பெயரும் நமக்குப் புதிதன்று.

எனினும் அம்புக்குறிக்கும் எல்லையுண்டு. பல படிகளைக் கொண்ட சார்புக்குப் பெயரே தெளிவு தரும்.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் சொல்லாக்கத்திற் பெரிதும் உழைத்தார். கணினி மொழிக்குச் சொல்லாக்கம் மட்டும் போதாது. தொடரமைப்பும் தமிழாதல் வேண்டும். ஆங்கிலச் சொற்களுக்கு நேராகத் தமிழ்ச் சொற்களை அடுக்குவதால் மாணவனின் சுமை குறையாது.